மங்களத்துக்குப் பிறகு போட்ட கையெழுத்து

மோனை, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என்றால் மனம் மாறிவிடும். நீ எழுதிய கூத்தை நான் வாசிக்காமலேதான் ஆடினேன். என்னுடைய பாட்டுகளை வாசித்தேன், அது வேறு. கூத்தில் அவரவர் பாட்டை அவரவர் தனிக் கொப்பியில் பார்த்தெழுதுவதுதான் வழக்கம். நானும் சாப்பாட்டுக்கடைக் குசினியில் உருளைக்கிழங்கு மூட்டைக்கு மேல் ஏறி இருந்து, ஓரத்தில் ‘இளவரசர்’ என்று போட்டிருந்த இடங்களை மட்டும் எழுதி எடுத்தேன். மற்றவர்கள் என்ன பாடினால் எனக்கென்ன? அவர்கள் பாடும் நேரம் நான் மூச்சு வாங்குகிற நேரம், அவ்வளவுதான். ஒரு நாள் நீ வந்து, “அப்பா, முழுக்க வாசிச்சனீங்களோ?” என்று கேட்டாய். “ரெண்டு தரம்” என்றேன். உன் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே ஓங்காளம் வருகிறது.

இதை உறையில் போட்டு அனுப்பலாம்தான். என் கையெழுத்தை உறையில் கண்டால் நீ பிரிக்கமாட்டாய் என்று அம்மா சொல்கிறாள். அவள் மாதாமாதம் அனுப்புகிற கோவில் இதழை மட்டும் கடைசிப் பக்கத்து மரண அறிவித்தல்வரை வாசிப்பாயாம். அதனால் போன கிழமை இதழ்க்காரரிடம் போய் இரண்டு பக்கம் கேட்டேன். “என்ன விசயம் எழுதப்போறியள்?” என்றார். “என்னைப் பற்றித்தான், கேவலமாய்” என்றேன். உடனே நாலு பக்கம் தந்தார். இன்னொரு காரணமும் உண்டு. உனக்கு நான் செய்ததை ஒரு மண்டபம் நிறைந்த சனம் பார்க்கச் செய்தேன். அவமானத்தை மேடையில் கொடுத்துவிட்டு மன்னிப்பை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்புவது அருவருப்பான வேலை. அருவருப்பான வேலைகளில் என் பங்கு ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

புரட்டாதிக் கடைசியில் டெல்ஃப்ட் நகரத்தில் உனக்கும் சாஸ்கியாவுக்கும் கல்யாணம். அழைப்பு அட்டை வைகாசியில் வந்தது. உறையில் அம்மாவின் பெயர் மட்டும். நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள் ஊதியும் பார்த்தேன். “தபால்காரன் என்ரை அட்டையைத் தின்னிட்டான் போல” என்று சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக என் பகிடிக்குச் சிரித்தவள், அன்று எழும்பிப் போய் அடுப்பைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

இந்த இதழை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நீ பொறுத்துக்கொள். நானூறு வருஷத்துக்கு முன்னே ஒல்லாந்து, இப்போதைய நெதர்லாந்து, ஸ்பெயின் ராசாவின் காலடியில் கிடந்தது. அதை எதிர்த்து எழும்பிய சனத்துக்கு ஓர் இளவரசர் தலைவராக இருந்தார். அவனவன் தன்தன் மனச்சாட்சிப்படி கும்பிடட்டும் என்று சொன்ன மனிதர். ராசா அவருடைய தலைக்கு விலை வைத்தான். எங்களைப்போலக் கத்தோலிக்க வேதக்காரன் ஒருவன், பயணப் பத்திரம் கேட்டு வந்தவன்போல வீட்டுக்குள் நுழைந்து, அவர் சாப்பாட்டு மேசையால் எழும்பிப் படிக்கட்டுக்கு வரும்போது சுட்டுவிட்டான். அந்த வீடு டெல்ஃப்டில் இன்றைக்கும் இருக்கிறது. சுவரில் குண்டு பட்ட ஓட்டைகள் இருக்கின்றன. நீ ஒல்லாந்தில் படித்த காலத்தில் என்னையும் அம்மாவையும் கூட்டிப்போய்க் காட்டினாய். ஓட்டைகளுக்குக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். “பாரிஸிலை, எங்கடை லா சப்பலிலை எண்டால் கடைக்காரன் அடுத்த நாளே பூசி வெள்ளை அடிச்சிருப்பான்” என்றேன். “பப்பியே, பத்திரம் கேட்டு வந்தவன்தான் சுட்டவனோ? பேந்தேன் விசா குடுக்கிற பிரெபெக்சூரிலை எங்களை அப்பிடிப் பாக்கினம் எண்டு இப்பதான் விளங்குது” என்றும் சொன்னேன். சாஸ்கியாவை அன்றுதான் முதல்முதல் கண்டோம். நீ அவளுக்கு அதை மொழிபெயர்த்தாய், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்ல பிள்ளை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

சிரிப்பு முடிந்த பிறகு நீ ஒரு கேள்வி கேட்டாய். “அப்பா, இந்த மனிசன் அண்டைக்குச் சாகாமல் தப்பியிருந்தால், இந்த ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்திருப்பாங்களோ?”

“வந்திருக்கமாட்டாங்கள்” என்றேன். “மனச்சாட்சி எண்டு கதைச்ச மனிசன், பிறத்தியான்ரை கோயிலைப் பூட்ட விட்டிருப்பாரோ?”

நீ அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து அந்தப் பதிலுக்கு மறுபதிலாக ஒரு கூத்தே எழுதிக்கொண்டு வந்தாய். உனக்கு அப்போது டெல்ஃப்டில் வேலை கிடைத்திருந்தது, நத்தாருக்குப் பிறகு போகவேண்டும். போகுமுன் லா சப்பல் சனத்துக்கு ஒன்று செய்துவிட்டுப் போகிறேன் என்றாய். உன் கூத்தில் இளவரசர் சாகவில்லை. மேசையில் மறந்துபோன கைத்துண்டை எடுக்கத் திரும்புகிறார், குண்டு சுவரில் படுகிறது. முதலாம் பகுதி போர், இரண்டாம் பகுதி இந்த உயிர்தப்பல். மூன்றாம் பகுதியில் அவர் எழுபது வயதுக் கிழவர். நாடு விடுதலையாகி நிற்கிறது, கண் மங்கிவிட்டது, சாப்பாடு மேசையில் இருக்கிறது. வியாபாரிகள் ஒரு காகிதத்தோடு வருகிறார்கள். அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். இதில் வியாபாரிகள் பாடுகிறதைத்தான் நான் வாசிக்கவில்லை.

எனக்கு அப்போது கண்ணை மறைத்தது மாலை. பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து கூத்தில் நான் என்னவெல்லாம் ஆடினேன் என்று உனக்குத் தெரியும். தூதன், வாயிற்காவலன், மூன்று தரம் தலைவெட்டி. இளவரசர், ராசா யாராவது உருக்கமாகப் பாடும்போது அவருடைய சொந்தக்காரர் சனத்துக்குள்ளே இருந்து எழும்பி வந்து, பாட்டின் நடுவிலேயே மாலை போடுவார்கள். தலைவெட்டிக்கு யார் மாலை போடுவான்? முதன்முதலில் எனக்கு ஒரு ராசாப் பாகம் வந்தது, அதுவும் என் மகன் எழுதியது. அம்மாவின் சாப்பாட்டறைத் திரைச்சீலையில் அங்கி தைத்தோம். கழுத்துக்குக் கோப்பி வடிக்கிற காகிதத்தை மடித்து மடித்துப் பெரிய வெள்ளை வளையம் செய்தோம். கண்ணாடியைப் பார்த்து நானே எனக்குக் கும்பிடு போட்டேன். உண்மை.

அந்த நேரம்தான் சால்வை அண்ணை கடைக்கு வந்தார். எங்கள் கலைமன்றத்துக்குப் பெரியவர், யாரைக் கண்டாலும் பொன்னாடை போர்த்திவிடுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் சால்வை அண்ணை. வெறும் தேத்தண்ணி கேட்டார், நான் ரோல்ஸும் வைத்தேன்.

“உன்ரை பெடியன் என்னடாப்பா எழுதி வைச்சிருக்கிறான்?” என்றார். “உயிர் தப்பின தலைவரைக் கிழவனாக்கி, கண் தெரியாதவனாக்கி, கண்டதுக்கும் கையெழுத்துப் போட வைக்கிறான். சனம் ஒண்டில் அழவேணும், இல்லாட்டிக் கைதட்டவேணும். இதுக்கு என்ன செய்யும்?”

“நல்ல மனிசர் கிழவர் ஆகக்கூடாதோ அண்ணை?”

“ஆகலாம். மேடையிலை ஆகக்கூடாது. ரெண்டாம் பகுதியோடை முடிப்பம். உயிர் தப்பினவர், கப்பலே வேண்டாம், ஒருத்தன்ரை நாட்டுக்கும் போகவேண்டாம் எண்டு சத்தியம் செய்து பாடட்டும். நீ பாடு. அந்த இடத்திலை உனக்கு விழுற மாலையைப் பாரன்.”

என்னிடம் ஒரு காகிதத்தைத் தந்தார். மன்றத்தின் தீர்மானம். மூன்றாம் பகுதியை எடுத்துவிடுகிறோம், எழுதியவருக்கும் இது தெரியும், அவருக்குச் சம்மதம் என்று அதில் இருந்ததாம். இருந்ததாம் என்று சொல்கிறேன், ஏனென்றால் அதையும் நான் வாசிக்கவில்லை. எண்ணெய்க் கையோடு ரோல்ஸ் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மாலையின் மணம் அப்போதே மூக்குக்கு வந்துவிட்டது. அந்த மணம் இப்போது எனக்குப் பிணவீட்டு மணம்.

உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் மேடையிலேயே விளங்கிக்கொள்வான்தானே என்று விட்டுவிட்டேன். கிறிஸ்மஸுக்கு முந்தின ஒளிவிழா அன்று நான் சத்தியம் செய்து பாடினேன். “கப்பல் கட்டோம், கடல் தாண்டோம்” என்று கையைத் தூக்கினேன். மண்டபம் எழும்பி நின்றது. நாலு மாலை விழுந்தது. தாடி ஒட்டின பசை வேர்வையில் கரைந்து வாய்க்குள் போனது, அதற்கு மேலே ரோசாப்பூ வாசம், அதற்கு மேலே சால்வை அண்ணை கட்டிப்பிடித்தபோது வந்த அத்தர் நாற்றம். அந்த மாலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மேடை ஓரத்தில் நீ நின்றாய். முதலாம் வியாபாரி நீதான். தொப்பி போட்டு, கையில் இறகுப் பேனையும் நீயே தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்த காகிதமும். உன் வரவுப் பாட்டுக்கு மத்தளம் அடிக்கும் என்று காத்துக்கொண்டு நின்றாய். மத்தளம் மங்களத்துக்கு அடித்தது.

நான் இறங்கி வர, “அப்பா, மூண்டாம் பகுதி?” என்று கேட்டாய்.

உன் கூத்தில் கிழவர் வியாபாரிகளிடம் சொல்கிற ஒரு சொல் இருக்கிறது. அதை எடுத்து உனக்கே எறிந்தேன். “சூப்பு ஆறிப் போச்சு மோனை” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ காகிதத்தை ஒரு கதிரையில் வைத்தாய், அதற்கு மேல் பேனையை வைத்தாய், தொப்பியையும் கழற்றி வைத்தாய். அன்று பின்னேரமே கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறிவிட்டாய். நத்தாருக்குச் சுட்ட பலகாரத்தை நானும் அம்மாவும் முகத்தைப் பார்க்காமல் தின்றோம்.

இனிச் சொல்லப்போகிறது அம்மாவுக்கும் தெரியாதது. அவளும் இந்த இதழில்தான் வாசிக்கப்போகிறாள். உனக்கு ஒன்பது வயதில் உன் வகுப்பைக் கடற்கரைக்கு ஒரு கிழமை கூட்டிப் போனார்கள். நீ அம்மாவோடு போய் வாளியும் மண்வெட்டியும் வாங்கி வைத்திருந்தாய். விடிய உன்னைப் பை தோளில் தொங்கப் பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிப்போனேன். பேருந்து நின்றது. ஆசிரியை பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உன் பெயர் இல்லை என்றார். எல்லாப் பிள்ளைகளும் கண்ணாடிக்குள்ளால் கையை ஆட்டிக்கொண்டு போனார்கள். நீ அழவில்லை. “ஏனப்பா என்னை விட்டிட்டினம்?” என்று மட்டும் கேட்டாய். “வெள்ளையள்ரை குணம் அதுதான் மோனை, எங்களை அவையளுக்குக் கண்ணிலை காட்டக்கூடாது” என்றேன். அந்த ஆசிரியைக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்து வீடு வரும்வரை உன்னைச் சிரிக்கவைத்தேன். அவளை நீ அந்த வருஷம் முழுக்க வெறுத்தாய், பெரியவனான பிறகும் அந்தக் கதையை நாலு பேருக்குச் சொன்னாய்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தால் ஒரு தாள் வந்தது. இரண்டு பெட்டி, ஒன்றில் புள்ளடி போட்டுக் கீழே கையெழுத்து வைக்கவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதுவும் தமிழில். பிரெஞ்சுத் தாளைப் கூட வேலை செய்கிறவனிடம் காட்டி வாசிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. முதலாவது பெட்டி என்றால் ஓம் என்றுதான் இருக்கும் என்று நினைத்துப் புள்ளடி போட்டேன். அனுமதிக்கவில்லை என்பதுதான் முதலாவது பெட்டியாம். நீ போகாத அன்று பகலே பள்ளிக்கூட அலுவலகத்தில் அந்தத் தாளை எனக்குக் காட்டினார்கள். கீழே என் கையெழுத்து, வால் வளைத்து, அழகாக. நான் வீட்டுக்கு வந்தும் உனக்குச் சொல்லவில்லை. ஒரு பிழையும் செய்யாத ஒருத்தியை உன் வாயால் ஏசவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சீ என்று போகிறது.

உன் கல்யாண அட்டை வந்த அடுத்த நாள், கடைக் குசினியில், அதே உருளைக்கிழங்கு மூட்டைக்கு மேல் இருந்து உன் கொப்பியை முதல் தாளிலிருந்து வாசித்தேன். மத்தியானச் சனம் போய்விட்டது, கொத்துரொட்டித் தகடு ஆறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வாசித்தேன். மூன்றாம் பகுதியில் நீ வியாபாரிகளுக்குக் கொடுத்த பாட்டு இப்படி இருந்தது:

உப்புக் கடல் தாண்டியொரு பனைமரத்து நாடு – மன்னா
ஊர்க்கோயில் கதவுகட்கு எங்கள் பூட்டைப் போடு
கண்மங்கிப் போனதென்றால் கவலையென்ன மன்னா – நாங்கள்
காட்டுகின்ற கோட்டின்மேலே கையெழுத்தைப் போடு

அதற்கு இளவரசர், அதாவது நான், “சூப்பு ஆறிப் போகுதையா, கோடு எங்கே ஐயா?” என்று கேட்கவேண்டும். நான் என் கொப்பியில் அந்த ஒரு வரியைத்தான் எழுதி வைத்திருந்தேன். சாப்பாட்டுப் பகிடி என்று நினைத்து வைத்திருந்தேன். அது எங்களுடைய கோயில் மோனை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து எங்கள் கோயில்களைத் தங்களுடையது ஆக்கினது, குருமாரைத் துரத்தினது, எங்கள் ஆட்கள் ஒளித்து ஒளித்துப் பூசை கண்டது, எல்லாம் அந்த ஒரு கோட்டுக்கு மேலே வருகிற கையெழுத்தில் இருக்கிறது. சுட்டவனிடம் தப்பினவரைக்கூட நீ விடவில்லை. அலுவலகத்துக்குச் சொல்கிற ‘கந்தோர்’ என்ற சொல்லும் ‘கக்கூசு’ என்ற சொல்லும் அவர்கள் விட்டுப்போனவை என்று நீ ஒரு நாள் சொன்னபோது சிரித்தேன். அந்தக் கந்தோரில் ஒரு மேசை, அந்த மேசையில் ஒரு நல்ல மனிதர், அவருக்குப் பசி. அவ்வளவு போதும் என்கிறாய். மற்றது, அந்தப் பக்கத்து ஓரத்தில் நீ பென்சிலால் சின்னதாக ஒன்று எழுதியிருந்தாய்: “இந்த இடத்தில் அப்பா பகிடி விடக்கூடாது. விடாமல் ஆட அவரால் முடியும்.” என்னுடைய பாட்டு இல்லாத ஓரத்தில் எழுதியிருந்தபடியால் நான் அதைக் காணவேயில்லை. கண்ட அன்று எழும்பிப்போய் முகம் கழுவினேன். வெங்காயம் என்று குசினிப் பெடியங்களுக்குச் சொன்னேன். அன்றைக்கு வெங்காயம் வெட்டவில்லை.

ஆவணித் திருநாளுக்குப் பாரிஸ் பக்கத்துப் பொபினியில் அதே கூத்தை அதே சத்தியத்தோடு திரும்பப் போடுவதாக இருந்தார்கள். ரூ லூயி-பிளாங் தெருவில் சால்வை அண்ணையை மறித்து, மூன்றாம் பகுதியும் போடவேண்டும் என்றேன்.

“உனக்கு என்ன விசரே?” என்றார். “சனம் அந்தச் சத்தியத்துக்குத்தான் வருது. நாலு மாலை போட்ட சனம்.”

“அந்த மாலையை நினைச்சால் எனக்குச் சத்தி வருது அண்ணை.”

“நீயும் கையெழுத்துப் போட்டனீயெல்லே?”

“ஓம், போட்டனான். அதுதான் சத்தி வாறது.”

“நல்லவரை நாறடிக்கக்கூடாது” என்று தெருவில் நின்றே சத்தம் போட்டார். அந்த இளவரசரை அவருக்கு யாரென்று போன வருஷம்வரை தெரியாது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது, மோனை. ஒரு மனிதர் செத்தால்தான் கும்பிடலாம், தப்பினால் தப்பின நிமிஷத்திலேயே நிற்கவேண்டும், ஒரு நரை மயிர் வரக்கூடாது, ஒரு பிழை விடக்கூடாது. அப்படி ஒரு வெள்ளையடித்த சிலையை முன்னால் வைத்துவிட்டு, பின்னால் நாங்கள் என்ன காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருக்கத்தான் சிலை. அது எனக்கு நன்றாகத் தெரியும், அந்தச் சிலைக்குள் நின்று வேர்த்தவன் நான்.

இன்று மத்தியானம் பொபினி மண்டபத்தில் ஆடினோம். அவர்கள் சொன்னபடி ஆடினேன். கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன், எழும்பினார்கள், தட்டினார்கள், மாலை வந்தது. மங்களம் பாடினார்கள். மங்களம் பாடின பிறகு ஒருவரும் ஆடக்கூடாது என்பது உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. செத்தவனும் எழும்பி வந்து பாடுகிற பாட்டு அது, அதோடு எல்லாம் முடிந்தது. சனம் எழும்பிச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போனது. நான் மாலைகளைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். கறுத்தத் தாடியைப் பிய்த்தேன், தோலும் கொஞ்சம் வந்தது. பஞ்சுத் தாடியை ஒட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு கையால் மேசையைத் தடவிக்கொண்டு திரும்ப மேடைக்கு வந்தேன்.

“அண்ணை, முடிஞ்சுதெல்லே?” என்று யாரோ கத்தினார்கள். சால்வை அண்ணை ஒலிவாங்கியை நிற்பாட்டினார். பரவாயில்லை, எனக்குக் குசினிக் குரல். ஆனால் வியாபாரி இல்லாமல் கிழவர் யாருக்குக் கையெழுத்துப் போடுவார்? அதுவரைக்கும் நான் யோசிக்கவில்லை. அப்போது மீன்கடை ஞானம், உன் கூத்தில் சுட்டவனாக வருகிறவன், ஒரு கையில் ரோல்ஸோடு மேடையில் ஏறினான். நீ விட்டுப்போன காகிதத்தை அவனிடம்தான் வைத்திருக்கக் கொடுத்திருந்தேன். ஒத்திகைகளில் நான் காது கொடுக்காமல் மூச்சு வாங்கிய நேரம், உன் பாட்டை அவன் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறான். நான் வாசிக்காததை அவன் காதால் வாசித்திருக்கிறான். “உப்புக் கடல் தாண்டியொரு பனைமரத்து நாடு” என்று எடுத்தான். மத்தளக்காரர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து மத்தளத்தடியில் இருந்தார்.

நான் பகிடி விடவில்லை மோனை. சூப்பு ஆறிப்போகிறது என்று கேட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை. கோடு எங்கே என்று கேட்டேன். ஞானம் விரலால் காட்டினான். கையெழுத்துப் போட்டேன். மண்டபத்தில் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. முன்னால் நின்ற ஒரு அக்கா மட்டும், எங்களைக் கேட்கிறாவோ தன்னைத்தானே கேட்கிறாவோ தெரியாது, “அது எங்கடை கோயிலோ?” என்றா. “ஓம் அக்கா” என்று ஞானம் பாட்டை விட்டுவிட்டுச் சொன்னான். இரண்டாவது மங்களம் இல்லாமல் இறங்கினோம். சால்வை அண்ணை வானைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் காகிதத்தை இதழோடு சேர்த்து அம்மா உனக்கு அனுப்புவாள். பார், இளவரசரின் பெயரை எழுதாமல் பழக்கத்தில் என்னுடைய பெயரை எழுதிவிட்டேன், வால் வளைத்து. அப்படியே இருக்கட்டும். ஓரத்தில் இருக்கிற எண்ணெய் ஞானத்தின் ரோல்ஸ்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் என்றால் வாய் சும்மா இருக்காது. கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போடுமுன் வாசி. நீ வாசிப்பாய், அது எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. சாஸ்கியா ஒன்றைக் காட்டி முழுக்க வாசித்தாயா என்று கேட்டால், வாசிக்காவிட்டால் இல்லை என்று சொல். அவ்வளவுதான். அந்த ஒரு ‘இல்லை’யை நான் உனக்குச் சொல்லியிருந்தால், நீ பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டியிருப்பாய், எனக்கு அது தெரியும். என் பிள்ளைக்கு என் எழுத்தறிவு தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டேன். உனக்கு அது ஒன்பது வயதிலேயே தெரிந்திருக்கவேண்டியது.

நான் எனக்கு அட்டை கேட்கவில்லை. அம்மாவுக்குத் தனியாக ரயில் ஏறப் பயம், பெட்டி தூக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாக வருகிறேன். உள்ளே வரவேண்டாம் என்றால் அந்த ஓட்டை இருக்கிற வீட்டுக்குப் போய்ப் படிக்கட்டில் நிற்பேன், உங்கள் சாப்பாடு முடியும்வரை. நீ வா என்று சொன்னால் வருவேன், வாயை மூடிக்கொண்டு இருப்பேன். ஒரு பகிடிக்கு மட்டும் அனுமதி தா. அதையும் முதலில் உனக்கு எழுதிக் காட்டுகிறேன், நீ வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இன்று நடந்த மிச்சத்தையும் எழுதி முடிக்கிறேன், நாளைக்கு இதழ்க்காரர் வந்து வாங்கிக்கொள்வார். என்னுடைய களிசான், சேட்டு, வீட்டுத் திறப்பு எல்லாம் இருந்த பை சால்வை அண்ணையின் வானில் போய்விட்டது. ஞானம் டிக்கெட் எடுத்துத் தர, அங்கியோடும் கழுத்து வளையத்தோடும் மெத்ரோவில் வந்தேன். கழுத்தில் அடிபட்டவன் என்று நினைத்து ஒரு பெண் எழும்பி இடம் கொடுத்தார். இருந்தேன். வீட்டு வாசலில், அம்மா வேலையால் வரும்வரை படிக்கட்டில் இருந்தேன். ஆறு மணிபோல வந்தாள்.

“களிசான் எங்கை?”

“வானிலை.”

“வான் எங்கை?”

“சால்வை அண்ணையோடை.”

“அவர் எங்கை?”

“கோவத்திலை.”

கதவைத் திறந்தாள். உள்ளே போய்ச் சாத்தும்போது அங்கியின் வால் கதவுக்கு வெளியே அகப்பட்டுவிட்டது. நடந்தேன், கிழிந்தது. திரைச்சீலையில் பாதி இப்போது படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது, மற்றப் பாதியில் நான் இருக்கிறேன். சாப்பாட்டறை யன்னலுக்குத் திரை இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு மனிதர் யன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.